ஒன்பதாம் நம்பர் பஸ் மெம்பர்

வீரபாண்டி அண்ணனை நான் முதன்முதலில் பார்த்தது டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே. 2019 பிப்ரவரி மாதம். நான் அமீரகத்தில் இருக்கும் ராஸ் அல் கைமாவுக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. டைல்ஸ் தொழிற்சாலையில் வருகைப்பதிவு பார்க்கும் வேலை. யார் எந்த ஷிப்ட், யாருக்கு லீவு, யாருக்கு எத்தனை மணி ஓவர்டைம் என்று கணினியில் ஏற்றிக்கொண்டிருப்பேன். அந்த ஜன்னலுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சண்டைக்குத்தான் வருவார்கள். அவரும் அப்படித்தான் என்று நினைத்து முகத்தைக் கொஞ்சம் இறுக்கமாக வைத்துக்கொண்டேன்.

"புதுசா வந்திருக்க தமிழ்த் தம்பி நீங்கதானா? டிகிரி படிச்சவருன்னு சொன்னாய்ங்க."

"பி.காம். முதல் வகுப்பு. எங்க ஊர்லயே டிகிரி முடிச்ச முதல் ஆளு..."

"அது இருக்கட்டும். ஃபாரம் நிரப்பத் தெரியுமா?"

வேலைச் சட்டையின் பையிலிருந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார். விளிம்பெல்லாம் டைல்ஸ் மாவு. நகரத்தில் இந்தியப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றின் நிர்வாகக் குழுத் தேர்தலுக்கான வேட்புமனு அது. அந்தப் பள்ளியில் பெற்றோர்களே ஓட்டுப் போட்டு ஏழு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். மூன்று வருடப் பதவி. சம்பளம் கிடையாது. பிள்ளை அங்கே படிக்கும்வரைதான் ஒருவர் நிற்கவும் முடியும், ஓட்டுப் போடவும் முடியும். டைல்ஸ் வேகவைக்கும் சூளையின் ஃபோர்மேன் ஒருவர் இதற்கு நிற்கிறாரா என்று எனக்கு ஆச்சரியம். அவர் அப்போதே ஒரு முறை அதில் மெம்பராக இருந்தவர், இப்போது இரண்டாம் முறைக்கு நிற்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது.

கல்வித் தகுதி என்ற கட்டத்துக்கு வந்ததும், "ஐ.டி.ஐ. ஃபிட்டர்" என்றார். டெக்னிக்கல் டிப்ளமோ என்று கொஞ்சம் எடுப்பாக எழுதட்டுமா என்று கேட்டேன்.

"உள்ளத எழுதுங்க பட்டதாரி."

அன்றைக்கு வைத்த பெயர். இன்றுவரை அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

கடைசிக் கட்டத்தில், எதற்காக நிற்கிறீர்கள் என்று நூறு வார்த்தைக்குள் எழுதச் சொல்லியிருந்தது. நான் பேனாவைத் தயாராகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"பஸ்ஸுன்னு எழுதுங்க."

"அண்ணே, நூறு வார்த்தை வரைக்கும் எழுதலாம்."

"ஒன்பதாம் நம்பர் பஸ்ஸு. போதுமா? மிச்ச வார்த்தைய நீங்களே வச்சுக்கங்க."

அந்த பஸ்ஸைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது.

எங்கள் தொழிற்சாலை நகரத்துக்கு வெளியே, மலையை வெட்டிக் கல் எடுக்கும் குவாரிகளுக்குப் போகும் வழியில் இருக்கிறது. பக்கத்திலேயே நான்கு பிளாக் ஃபேமிலி குவார்ட்டர்ஸ். ஃபோர்மேன், எலெக்ட்ரீஷியன், பேக்கிங் சூப்பர்வைசர் என்று, குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வரும் அளவுக்குச் சம்பளம் ஏறியவர்கள் அங்கே இருப்பார்கள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து 1996-இல் ஹெல்பராக வந்த வீரபாண்டி அண்ணன், பதினைந்து வருடம் தொழிலாளர் கேம்பில் இருந்துவிட்டு, 2011-இல்தான் மனைவி கனகாவையும் ஐந்து வயது மகள் அருணாவையும் கூட்டிவந்தார். மகள் பிறந்த அந்த ஐந்து வருடத்தில் அவளை அவர் பார்த்தது இரண்டு லீவில், மொத்தம் எழுபது நாள்.

பள்ளி பஸ் அப்போது குவார்ட்டர்ஸ்வரை வராது. இரண்டு கிலோமீட்டர் முன்னால் இருக்கும் ரவுண்டானாவோடு திரும்பிவிடும். அதற்கு மேலே ரோடு மோசம், பஸ் கெட்டுவிடும் என்பது பள்ளியின் பதில். குவாரி லாரிகள் வளைகிற ரவுண்டானா அது. பிள்ளைகள் காலை ஆறு மணிக்கு அங்கே மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். வெள்ளைச் சட்டை பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் சாம்பல் நிறமாகிவிடும். வகுப்பில் அருணாவுக்கு 'சிமெண்ட்' என்று பட்டப்பெயர். பெயர் வைத்த பையன் யாரென்று அண்ணனுக்கு இன்றும் தெரியும், சொல்லமாட்டார்.

2013-இல் முதன்முறை நின்றார். வேட்பாளர்கள் எல்லோரும் பள்ளி அரங்கத்தில் மூன்று நிமிடம் பேச வேண்டும். மற்றவர்கள் ஆங்கிலத்தில் தரம், பார்வை, எதிர்காலம் என்று பேசினார்கள். இவர் சைட்டில் பேசுகிற இந்தியில், "பாய்யோ, பஹனோ, பஸ் சாஹியே", சகோதர சகோதரிகளே பஸ் வேண்டும், என்று ஆரம்பித்தார். மேலே வார்த்தை வரவில்லை. இன்னொரு முறை "பஸ் சாஹியே" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். சிரித்தார்கள். பத்தொன்பது ஓட்டு விழுந்தது.

"பத்தொன்பதும் யாரு யாருன்னு எனக்குத் தெரியும் பட்டதாரி. அதுல ஒருத்தன் எங்கிட்ட வாங்கின ட்ரில் மிஷினத் திருப்பித் தரலையேன்னு போட்டது."

2016-இல் அவர் வேறு மாதிரி செய்தார். தேர்தல் எப்போதும் வெள்ளிக்கிழமை. தொழிற்சாலைக்கும் வெள்ளிதான் விடுமுறை. நிர்வாகத்திடம் கேட்டு, தொழிலாளர் பஸ் ஒன்றை வாங்கிக்கொண்டார். ஹஸ்னைன் என்ற பெஷாவர்க்காரர் அதற்கு டிரைவர். குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று ஹாரன் அடித்து, தூங்குகிறவர்களை எல்லாம் எழுப்பி, லுங்கியோடு வந்தவர்களை வீட்டுக்குத் திருப்பி அனுப்பி பேண்ட் மாட்டவைத்து, ஒரே கும்பலாகக் கொண்டுபோய் இறக்கினார். நகரத்துப் பெற்றோர்கள் எண்ணிக்கையில் நான்கு மடங்கு. ஆனால் அவர்களில் பாதிப்பேர் விடுமுறை நாள் காலையில் எழுந்து வரமாட்டார்கள். குவார்ட்டர்ஸில் ஓட்டுள்ள அத்தனை பேரும் வந்தார்கள். ஆறாவது ஆளாக ஜெயித்தார். அந்த வருடம் செப்டம்பரில் ஒன்பதாம் நம்பர் பஸ் குவார்ட்டர்ஸ் வாசலுக்கு வந்து நின்றது. முதல் நாள் அதில் ஏறிப் பள்ளிவரை போய், திரும்பி வந்து, நேராக ஷிப்டுக்குப் போனாராம். அதன் பிறகு குவார்ட்டர்ஸில் எல்லோருக்கும் அவர் பஸ் மெம்பர்.

பஸ் வந்ததோடு வேலை முடியவில்லை. தூரம் அதிகம், பிள்ளைகள் குறைவு, இந்த வழியை நிறுத்தலாமா என்று ஒவ்வொரு வருடமும் குழுவில் பேச்சு வரும். ஒவ்வொரு வருடமும் இவர் உட்கார்ந்து தடுப்பார். அவர் அங்கே உட்கார்ந்திருப்பதால்தான் பஸ் ஓடுகிறது என்று குவார்ட்டர்ஸில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 2019-இல் நான் நிரப்பிய மனுவோடு மறுபடியும் நின்று, நான்காவது ஆளாக ஜெயித்தார். குவார்ட்டர்ஸில் பிரியாணி போட்டார்கள். ஃபாரம் நிரப்பியவர் என்று எனக்கும் ஒரு தட்டு வந்தது.

அதே வருடம் நவம்பரில் நடந்ததைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொல்வார்.

ஓட்டு விஷயத்தில் அந்தப் பள்ளிக்கு ஒரு வழக்கம் இருந்தது. குடும்பத்துக்கு ஒரு ஓட்டு. அதை, யார் விசாவில் பிள்ளை இருக்கிறதோ அவர்தான் வந்து போட வேண்டும். குவார்ட்டர்ஸில் எல்லாப் பிள்ளைகளும் அப்பா விசா. அம்மாக்களுக்கு ஓட்டு இல்லை. தினமும் பிள்ளையை பஸ் ஏற்றிவிடுவதும், டீச்சரைப் போய்ப் பார்ப்பதும், டைரியில் கையெழுத்துப் போடுவதும் அம்மாதான்.

வீரபாண்டி அண்ணனின் சூளையில் இருக்கும் ஒருவரின் மனைவி ஜுலைஹா பீவி. ராமநாதபுரம் பக்கம். குவார்ட்டர்ஸ் பெண்களுக்கெல்லாம் ஜாக்கெட், சுடிதார் தைத்துக்கொடுப்பார். மகள் ஆமிரா அப்போது நான்காம் வகுப்பு. அந்த அம்மா ஒரு மனு தயார் செய்தார். ஓட்டு ஒன்றாகவே இருக்கட்டும், அப்பா அம்மா இருவரில் யார் வந்தாலும் போடலாம் என்று மாற்றுங்கள். அவ்வளவுதான். துணி அளவெடுக்க வருகிறவர்களிடமெல்லாம் கையெழுத்து வாங்கி, நாற்பத்திரண்டு பேர் சேர்ந்தார்கள். மூன்றாவது கையெழுத்து கனகா அக்காவுடையது.

மனுவை எடுத்துக்கொண்டு ஜுலைஹா பீவி நேராக மெம்பர் வீட்டுக்குத்தான் வந்தார். நான் ஏதோ சுற்றறிக்கையைப் படித்துச் சொல்வதற்காக அன்று அங்கே இருந்தேன்.

"அண்ணே, நீங்கதான் இத உள்ள வைக்கணும்."

"வச்சிருவோம்மா."

"வச்சா மட்டும் போதாதுண்ணே, பாஸ் பண்ணித் தரணும். எங்க வீட்டு மனுசன் போன தடவ ஓட்டுப் போட்டுட்டு வந்து, யாருக்குப் போட்டேன்னே தெரியலைங்கறாரு. நான் போயிருந்தா மறந்திருப்பேனா?"

கனகா அக்கா சமையலறையிலிருந்து, "இங்க ஒரு மனுசன் மட்டும் என்ன வாழுதாம். மக எந்த செக்‌ஷன்னு கேளு, முழிப்பாரு" என்றார்.

அண்ணன் சிரித்துக்கொண்டே, "பாக்கலாம்மா" என்றார். அந்த 'பாக்கலாம்' எனக்கு அப்போது சாதாரணமாகத்தான் பட்டது.

அடுத்த வாரம் குழுக் கூட்டம். மனு வந்தது. மூன்று பேர் ஆதரவு, மூன்று பேர் எதிர்ப்பு. ஏழாவது கை வீரபாண்டி அண்ணனுடையது. எதிர்ப்புக்குத் தூக்கினார்.

தீர்மானங்களின் பிரதி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். யார் எந்தப் பக்கம் என்று பெயரோடு இருக்கும். அதைப் படித்துவிட்டு எனக்கு நம்பிக்கை வரவில்லை. மறுநாள் ஜன்னலுக்கு வந்தவரிடம் கேட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு கணக்குச் சொன்னார்.

"டவுன்காரன் வெள்ளிக்கிழமை தூங்குவான். அவன் சம்சாரம் தூங்குமா? ஃபிரெண்டுகளோட கார் ஏறிக் கிளம்பி வந்திரும். அவிங்க ஓட்டு ரெட்டிப்பாகும். நம்மாளுக ஏற்கெனவே அத்தன பேரும் வந்துட்டுத்தான இருக்காய்ங்க? நமக்கு இதுல ஒண்ணும் கூடப்போறதில்ல. நான் தோத்தா பஸ்ஸு போச்சு. பஸ்ஸுக்காகத்தான் பட்டதாரி."

கணக்கில் தப்பு இல்லை. வணிகவியல் படித்த எனக்கும் அது சரியாகவே பட்டது. சரிதான் அண்ணே என்று சொன்னேன். அதை இப்போது நினைத்தால் எனக்கும் நன்றாக இல்லை.

கனகா அக்கா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "எங்கையெழுத்த எதுத்துக் கையத் தூக்கின ஆளுக்குச் சோறு மட்டும் எங்கையால எறங்குதா?" என்று கேட்டதாகவும், அதற்கு இவர் சாப்பிட்டுக்கொண்டே, "நல்லா எறங்குது" என்றதாகவும், அவரே என்னிடம் சொல்லிச் சிரித்தார். ஜுலைஹா பீவி எப்போதும்போல வழியில் பார்த்தால் சலாம் சொன்னார்.

பிறகு கொரோனா வந்து, இரண்டு வருடம் பிள்ளைகள் வீட்டிலேயே படித்தார்கள். 2022 ஜனவரியில் இந்த நாட்டில் வார விடுமுறை மாறியது. அரசாங்க அலுவலகங்களும் பள்ளிகளும் சனி, ஞாயிறுக்குப் போய்விட்டன. வெள்ளி அரை நாள் பள்ளி. எங்கள் தொழிற்சாலை மாறவில்லை, பழையபடி வெள்ளிதான். அந்த வருட மே மாதம் தேர்தல் வந்தபோது பள்ளி அதைச் சனிக்கிழமை வைத்தது. காலை எட்டு மணியிலிருந்து ஒரு மணிவரை. எங்களுக்கு அது வேலை நாள்.

குழுக் கூட்டத்தில் சேர்மன், "உங்க ஆட்களுக்குச் சிரமம் இருக்குமா?" என்று இவரிடமே கேட்டிருக்கிறார். "மாஃபி முஷ்கில், பிரச்சன ஒண்ணுமில்ல, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். பார்த்தும் கொண்டார். உற்பத்தி மேலாளரிடம் பேசி, பத்து மணியிலிருந்து இரண்டு கும்பலாக ஆட்களை விட அனுமதி வாங்கினார். ஹஸ்னைன் பஸ்ஸும் தயார். அருணா அப்போது பத்தாம் வகுப்பு முடித்திருந்தாள். இன்னும் இரண்டு வருடம்தான் பள்ளி. அவருக்கு அதுவே கடைசித் தேர்தல் என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்த வாரத்து டூட்டி சார்ட் அவர் கையால் எழுதியது. ஓட்டுள்ள பதினாறு பேர் அவருடைய சூளையிலேயே காலை ஷிப்டில் இருந்தார்கள். கணினியில் ஏற்றும்போது அது என் கண்ணில் பட்டது.

"அண்ணே, இந்தப் பதினாறு பேரையும் நைட்டுக்கு மாத்திட்டா, சனிக்கிழமை பகல் ஃப்ரீயா இருப்பாங்களே."

"எலெக்‌ஷனுக்காக மெம்பர் சார்ட்ட மாத்திட்டான்னு பேரு வரும். பெங்காலி ஆளுக முறைய எடுத்து நம்மாளுகளுக்குக் குடுக்கச் சொல்றீங்களா? வேணாம். ரெண்டு மணி நேரம் போயிட்டு வந்துருவாய்ங்க. கலாஸ், முடிஞ்சது."

சனிக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு இரண்டாம் சூளையில் ரோலர் உடைந்தது.

அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கில்ன் என்று எல்லோரும் சொல்லும் எங்கள் சூளை ஒரு நீளமான சுரங்கம் மாதிரி. உள்ளே வரிசையாக உருளைகள் சுழல, அவற்றின் மேல் டைல்ஸ் வெந்துகொண்டே நகரும். ஒரு உருளை உடைந்தால் பின்னால் வருவதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவியும். பக்கவாட்டுத் துளைகளில் இரும்புக் கொக்கியை விட்டு இழுத்து எடுக்க வேண்டும். அந்தச் சூட்டில் ஒரு ஆள் நான்கு நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது. ஆள் மாற்றி ஆள் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒரு ஆளைக்கூட வெளியே விட முடியாது. விட்டால் நிற்பவன் சுருண்டு விழுவான். மற்ற பிரிவுக்காரர்கள் மட்டும் பத்து மணிக்கே போய்ப் போட்டுவிட்டு வந்தார்கள்.

மேலாளர் வந்து, "உன் தேர்தல் இருக்கிறதே, என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டிருக்கிறார். "முதலில் இதை முடிப்போம்" என்று சொல்லிவிட்டு இவரும் கொக்கியை எடுத்துக்கொண்டார்.

பதினொன்றரை மணிக்கு நான் தண்ணீர் பாட்டில்களோடு சூளைப் பக்கம் போனேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவருடைய போன் என் கையில்தான் இருந்தது. உள்ளே கொண்டுபோகக்கூடாது என்று ஜன்னலில் கொடுத்திருந்தார். ஹஸ்னைன் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"மெம்பர் சாப், பஸ் காலியா நிக்குது. ஆத்மி லோக் கிதர் ஹை, ஆளு எங்க? டைம் போறது பாய்."

"கில்ன் கராப் ஹோகயா பாய். தோடா வெயிட் கரோ."

"இங்க லேடீஸ் சப் ஆகயா. ஒரு பஹன் பேசணுமாம்."

போன் கை மாறியது. ஜுலைஹா பீவியின் குரல்.

"அண்ணே, கில்ன் ஒடஞ்சுபோச்சாமே. எங்க வீட்ல வரமுடியாதுன்னு போன் பண்ணாங்க. நாங்க இங்க இருபது பேரு பஸ்கிட்டதான் நிக்கிறோம். ஐடி கார்டெல்லாம் கையில இருக்கு. நாங்க போயி போட்டா செல்லாதாண்ணே? இந்த ஒரு தடவைக்கு கேட்டுப் பாருங்களேன்."

அவர் தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தார். சூளைக்குள் குவிந்த டைல்ஸ் சரிந்து விழும் ஓசை பெரிதாகக் கேட்டது.

"அண்ணே? கேக்குதா?"

"செல்லாதும்மா."

"ஒரு வார்த்த கேட்டு..."

"செல்லாதும்மா. ரூல் அப்படி."

"சரிண்ணே. பசங்களுக்குத் தண்ணி குடுத்துக்கிட்டே இருங்க. சூடு ஏறிறப் போவுது" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா வைத்துவிட்டார்.

குவியலை எடுத்து முடிக்கும்போது மணி பன்னிரண்டு ஐம்பது. அப்போதும் விடவில்லை. சட்டையை மாற்றாமல், ஹஸ்னைன் பஸ்ஸில் அவரோடு சேர்த்துப் பதினேழு பேரும் ஏறிப் போனார்கள். பள்ளி வாசலை அடைந்தபோது ஒன்று இருபது. கதவு பூட்டியிருந்தது. அவருடைய ஓட்டையே அவரால் போட முடியவில்லை. மாலையில் முடிவு வந்தது. எட்டாவது இடம். ஏழாவதாக வந்த ஏசி வியாபாரியைவிடப் பதினோரு ஓட்டுக் குறைவு.

நான் ஆறுதல் சொல்லப் போனேன். ரோலர் உடைந்ததற்கு நீங்கள் என்ன செய்வீர்கள், விடுமுறையை மாற்றியது அரசாங்கம், இப்படி ஏதேதோ சொன்னேன்.

"ரோலர் எப்பவும் ஒடையும் பட்டதாரி. இருபது பொம்பளைக, கார்டோட, பஸ்ஸுக்குப் பக்கத்துல. அதுதான்." பிறகு சொன்னார்: "போன்ல அந்தம்மா, நீதானய்யா கையத் தூக்கினன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். தண்ணி குடுங்கன்னு சொல்லுச்சு."

ஆகஸ்ட் கடைசியில் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது ஒன்பதாம் நம்பர் பஸ் இல்லை. ஆறாம் நம்பரோடு சேர்த்துவிட்டார்கள். ஆறாம் நம்பர் ரவுண்டானாவோடு திரும்பிவிடும். வீரபாண்டி அண்ணன் பெற்றோர் என்ற முறையில் கடிதம் கொடுத்தார். நான்தான் எழுதினேன், என்னால் முடிந்த அளவு நல்ல ஆங்கிலத்தில். பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. இரண்டாவது கடிதத்துக்கும் அதே பதில், தேதி மட்டும் வேறு.

பிள்ளைகள் மறுபடியும் கைக்குட்டை கட்டிக்கொண்டு ரவுண்டானாவில் நின்றார்கள். சிலர் சேர்ந்து வேன் பேசினார்கள். ஆமிராவுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு உண்டு. டிசம்பரில் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தூசிப் பக்கம் நிறுத்தாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏழாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும், 2023 மார்ச்சில், ஜுலைஹா பீவி மகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். தையல் மெஷினைக் கனகா அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஏர்போர்ட்டுக்குப் போகிற காரில் பெட்டி ஏற்றியது வீரபாண்டி அண்ணன்தான். ஆமிரா கண்ணாடியை இறக்கி, "மாமா, அருணாக்காவ பழைய இங்கிலீஷ் நோட்ட போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க" என்றாள். தலையாட்டினார். கார் போன பிறகு, ஆமிரா தன் அப்பாவைக் கூப்பிடும் சொல்லாலேயே என்னிடம், "அத்தாவ விட்டுட்டுப் போகுது பாருங்க" என்றார். தன் மகளை எழுபது நாள் மட்டும் பார்த்த வருடங்கள் அவருக்கு நினைவு வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்த வருடம் நவம்பரில் பள்ளியின் பொதுக் கூட்டத்தில், அப்பா அம்மா யார் வேண்டுமானாலும் ஓட்டுப் போடலாம் என்ற தீர்மானத்தைப் புதிய குழு கொண்டுவந்தது. பத்து நிமிடத்தில் நிறைவேறிவிட்டது. ஒருவரும் எதிர்க்கவில்லை. அன்று கூட்டத்தில் இருந்த ஜுலைஹா பீவியின் கணவர்தான் பிறகு நடந்ததை எனக்குச் சொன்னார். கைதட்டல் ஓய்ந்ததும் பின்வரிசையில் வீரபாண்டி அண்ணன் எழுந்து நின்றாராம். 2013-இல் நின்று பேச வராமல் இறங்கிய அதே அரங்கம்.

"நாலு வருசத்துக்கு முன்னாடி இதே மனு வந்துச்சு. அத ஒரு ஓட்டுல தோக்கடிச்சது நான். தப்பு பண்ணிட்டேன். அத மினிட்ஸ்ல எழுதிக்கங்க."

தமிழில்தான் சொன்னாராம். பாதிப்பேருக்குப் புரியவில்லை. புரிந்தவர்கள் மொழிபெயர்த்துச் சொன்னதும் செயலாளர் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் தேவையில்லை பாய், உட்காருங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். பலகையில் ஒட்டிய பிரதியைப் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது அதில் இல்லை. அதனால்தான் நான் இங்கே எழுதுகிறேன்.

2024 மார்ச்சில் அருணா பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். அதோடு அவர் அந்தப் பள்ளிக்கு அந்நியர். 2025 மே மாதத் தேர்தல் அன்று ஹஸ்னைன் பஸ்ஸில் குவார்ட்டர்ஸிலிருந்து பத்தொன்பது அம்மாக்கள் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார்கள். ஆனால் குவார்ட்டர்ஸ் சார்பாக நிற்பதற்கு ஆள் இல்லை. சூளையில் ஒரு எலெக்ட்ரீஷியனைக் கேட்டுப் பார்த்திருக்கிறார். "உங்களுக்கே இந்தக் கதி, எனக்கெதுக்குண்ணே" என்றாராம் அந்த ஆள். யாராவது சம்மதித்தால் நிரப்பலாம் என்று வெற்று ஃபாரம் ஒன்றை வாங்கி என் மேஜை இழுப்பறையில் வைத்திருந்தார். கடைசி நாள் மாலை ஜன்னலுக்கு வந்து, "கிழிச்சுப் போட்டுருங்க பட்டதாரி" என்றார்.

நான் கிழிக்கவில்லை. இழுப்பறையில்தான் இருக்கிறது.

வீரபாண்டி அண்ணனுக்கு இப்போது ஐம்பத்து மூன்று வயது. அதே தொழிற்சாலையில், அதே இரண்டாம் சூளைக்கு ஃபோர்மேன். அருணா மதுரையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், கனகா அக்கா அவளோடு இருக்கிறார். குவார்ட்டர்ஸ் வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கேம்பில் பி பிளாக்கில் மூன்று பேரோடு ஒரு ரூமில் தங்கியிருக்கிறார். ஆறாம் நம்பர் பஸ் இன்றும் ரவுண்டானாவோடுதான் திரும்புகிறது.